எந்த வெர்ஷன் ஓடுது?

ஜேபாஸ் 4.0 சர்வரை ஓடவிட்டால், லாக் கோப்பின் முதல் சில வரிகளுக்குள் சதுர அடைப்பில் ‘சயான்’ என்று ஒரு பெயர் வரும். 4.2-இல் அது ‘டிரினிட்டி’. 5.0-இல் ‘மார்ஃபியஸ்’. ‘மேட்ரிக்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. படம் வெளிவந்த அதே 1999-இல்தான் மார்க் ஃப்ளூரி ஜேபாஸ் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் இஜேபாஸ் என்று பெயர். ஜாவாவை வைத்திருந்த சன் நிறுவனம் அந்த முதல் மூன்று எழுத்துகளும் தன்னுடையவை என்று ஆட்சேபித்ததால் ‘இ’ உதிர்ந்து ஜேபாஸ் ஆனது.

2009 மே மாதம் வந்த 5.1-க்கு ‘தி ஆரக்கிள்’ என்று பெயர் வைத்தார்கள். அதுவும் படத்தில் வரும் பாத்திரம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஆரக்கிள் நிறுவனம் பிஇஏ நிறுவனத்தை வாங்கி, ஜேபாஸின் போட்டியாளரான வெப்லாஜிக் சர்வரைத் தன் கடையில் வைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ சர்வர்களைக் கணக்கெடுக்க எழுதிவைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட், லாகில் ‘ஆரக்கிள்’ என்ற சொல்லைக் கண்டால் வெப்லாஜிக் கணக்கில் ஒன்றைக் கூட்டும். அந்த மாதத்துக் கணக்கில் ஜேபாஸ் சர்வர்கள் சில போட்டியாளர் பெயரில் போய் உட்கார்ந்திருந்தன.

பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. திரையில் பார்க்கும் ஒருவர் சிரிப்பார் என்று நினைத்து வைத்தது அது. ஸ்கிரிப்ட் ஒன்று வந்து படிக்கும் என்று அவர்கள் ஏன் நினைக்கப் போகிறார்கள்? பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், ஐரோப்பிய வங்கி ஒன்றுக்கு மிடில்வேர் சப்போர்ட் பார்த்த என் வேலையில் பாதி இதுதான்: மனிதர் மனிதருக்கு எழுதிய வரியை இயந்திரத்தைக் கொண்டு படிக்கவைப்பது. எழுதியவர் வரியை மாற்றும் நாளில் நம் பக்கம் ஏதாவது உடையும். இன்னொரு விதமாகவும் நடக்கும். தன் வரியை எத்தனை பேர் எடுத்து வெட்டி ஒட்டி வாழ்கிறார்கள் என்று தெரிந்ததும், எழுதியவர் மாற்றப் பயப்படுவார். வெர்ஷன் எண்களின் வரலாற்றில் இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

அப்ளிகேஷன் சர்வர் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: நீங்கள் பார்க்கும் வலைப்பக்கத்துக்கும், உங்கள் கணக்கு இருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள். வெப்ஸ்பியர், வெப்லாஜிக், ஜேபாஸ், டாம்கேட் என்று நான்கைந்து பெயர்கள். ஒரு பெரிய வங்கியில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். எங்கே எது, எந்த வெர்ஷன் என்று ஒரு எக்செல் தாள் இருக்கும். அந்தத் தாளின் ‘வெர்ஷன்’ பத்தியை நிரப்புவது சுலபமான வேலை என்று, அதை நிரப்பிப் பார்க்காத எல்லோரும் நம்புவார்கள்.

டாம்கேட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது எளிது என்பதால். சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் உருவாக்கி, 1999-இல் அப்பாச்சிக்குக் கொடுக்கப்பட்டது. அதன் வெர்ஷன் எண், கேட்டலினா ஜார் கோப்புக்குள் ‘சர்வர்இன்ஃபோ’ என்ற சின்ன எழுத்துக் கோப்பில் இருக்கிறது. ‘வெர்ஷன்’ ஸ்கிரிப்டை ஓட்டினால் அதைப் படித்துக் காட்டும். பக்கம் கிடைக்கவில்லை என்று டாம்கேட் போடும் பிழைப் பக்கத்தின் அடியிலும் அதே வரி வரும்.

வம்பு அங்கேதான். சர்வர் தன் பெயரையும் எண்ணையும் சொல்லிக்கொள்ளும் வழக்கம் 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இருக்கிறது. பெயர், சாய்கோடு, எண். ஆனால் எண்ணை வெளியே சொன்னால் தாக்குவோருக்கு வசதியாகப் போகலாம், அதனால் அதை மறைக்க வழி வையுங்கள் என்று அதே ஆவணம் எச்சரிக்கவும் செய்கிறது. பாதுகாப்புத் துறையினர் அந்த எச்சரிக்கையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர்கள். ‘வெர்ஷனை மறை’ என்று உத்தரவு வரும். மறைப்பதில் இரண்டு வகை. லிப் அடைவில் அதே பெயரில் வேறொரு கோப்பை வைத்தால், பிழைப் பக்கம் பொய் சொல்லும், ‘வெர்ஷன்’ ஸ்கிரிப்ட் உண்மை சொல்லும். ஏனென்றால் அந்த ஸ்கிரிப்ட் ஜாருக்குள் மட்டும்தான் பார்க்கிறது. ஜாரையே பிரித்து வரியைத் திருத்தினால் இரண்டுமே பொய் சொல்லும். ஒரு சர்வரில் எண் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ‘உனக்கு எதுக்கு’ என்று தங்கிலீஷில் எழுதிவைத்திருந்தார். ‘வெர்ஷன்’ பத்தியை எண்ணாக மாற்றப் பார்த்த ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் உயிரை விட்டது.

ரிலீஸ் நோட்ஸ் என்று ஒரு கோப்பு மேலடைவில் இருக்கும், அதையும் நம்ப முடியாது. புது ஜார்களை மட்டும் மேலே கொட்டி ‘அப்கிரேடு’ செய்தவர்கள் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். உள்ளே ஓடுவது புதுசு, வாசலில் தொங்கும் பலகை பழசு.

இன்னொன்று: நிறுவியிருப்பதும் ஓடுவதும் ஒன்றல்ல. ஒரே கணினியில் மூன்று டாம்கேட் அடைவுகள் இருக்கும், ஓடுவது ஒன்றாக இருக்கும். ஓடும் ப்ராசஸின் கட்டளை வரியில் ‘கேட்டலினா ஹோம்’, அதாவது டாம்கேட் இருக்கும் அடைவு, எங்கே என்று தேட வேண்டும். சோலாரிஸ் கணினிகளில் வழக்கமான பிஎஸ் கட்டளை அந்த வரியை 80 எழுத்தோடு வெட்டிவிடும். ஜாவா கட்டளை வரிகளோ அரைப் பக்கம் நீளும்; நமக்கு வேண்டியது கடைசியில் இருக்கும். அதற்காகவே பழைய பெர்க்லி வகை பிஎஸ் ஒன்றை யுசிபி அடைவில் வைத்திருந்தார்கள். அது தெரிந்தவர், தெரியாதவர் என்று எங்கள் குழுவையே இரண்டாகப் பிரிக்கலாம்.

வெப்ஸ்பியர் வேறு ஜாதி. அங்கே எண்ணுக்குப் பின்னால் பணம் நிற்கிறது. 1998-இல் முதல் வெளியீடு வந்த அந்த ஐபிஎம் சர்வருக்கு ‘வெர்ஷன்இன்ஃபோ’ என்ற கட்டளை உண்டு. ஓட்டினால் உடனே பதில் வராது. எண்ணைச் சொல்லவே ஒரு ஜாவா எழுந்து உட்கார வேண்டும். பிறகு கோடுகள் போட்டு, தலைப்புகள் போட்டு, அச்சடித்துக் கோப்பில் வைக்கலாம் போல ஒரு அறிக்கை வரும். பெயர், வெர்ஷன், அடையாளம், பில்ட் தேதி. அழகான அறிக்கை, ஆனால் கண்ணுக்கானது. பெயரில் ‘நெட்வொர்க் டிப்ளாய்மென்ட்’ என்று இருக்கிறதா, வெறும் அடிப்படைப் பதிப்பா என்பதைப் பொறுத்து உரிமக் கட்டணம் பெரிதும் மாறும். 2006-இலிருந்து ஐபிஎம் சிபியு கோர் கணக்கில் ‘பிவியு’ என்ற அலகை வைத்துக் கட்டணம் வசூலித்தது. கோர் வகையைப் பொறுத்து ஒரு கோருக்கு 50, 70, 100 என்று அலகு மாறும். ஆகவே ஒரு வரியைத் தப்பாகப் படித்தால் தாளில் பிழை வருவதோடு முடியாது, பில் வரும்.

8.0-இலிருந்து ‘இன்ஸ்டலேஷன் மேனேஜர்’ என்று தனி நிறுவி வந்தது. அதனிடம் கேட்டால் வேறு மொழியில் பதில் சொல்லும். அறிக்கையில் 8.5.5.12 என்று வருவது, இங்கே 8.5.5012 என்று வரும். பின்னாலேயே பில்ட் செய்த தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு அடியில் இருக்கும் ஓஎஸ்ஜிஐ முறை மூன்று எண்களுக்கு மட்டுமே இடம் கொடுக்கும். ஐபிஎம்முக்கோ நான்கு எண்கள் வேண்டும். கடைசி இரண்டையும் சேர்த்து அழுத்தி, 5.12-ஐ 5012 ஆக்கிவிட்டார்கள். இதைச் சொல்லித்தர எந்தப் பயிற்சி வகுப்பும் கிடையாது. ‘ஃபிக்ஸ் பேக் ஐயாயிரத்துப் பன்னிரண்டா?’ என்று புதிதாக வந்தவர் கேட்பார். பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிக்கொடுப்பார். அப்படித்தான் எனக்கும் தெரிந்தது.

பிறகு ‘லிபர்ட்டி’ வந்தது. அதே வெப்ஸ்பியர் குடும்பம், இலகுவானது. 8.5.5.9 வரை வரிசையாக வந்த எண் 2016-இல் திடீரென்று 16.0.0.2 ஆகிவிட்டது. 16 என்பது ஆண்டு. அதே 2016-இல்தான் பழைய பாணி வெப்ஸ்பியர் 9.0-ஐத் தொட்டது. ஒரே நிறுவனம், ஒரே குடும்பப் பெயர், ஒன்று 9, இன்னொன்று 16. ‘16 புதுசா, 9 புதுசா?’ என்று வங்கி மேலாளர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில், இரண்டும் ஒரே வயது.

வெப்லாஜிக் கதை இதைவிடக் குழப்பம். ஆரக்கிள் வாங்கிய பிறகு 2009-இல் வந்தது உள்ளுக்குள் 10.3.1, விற்பனைப் பெயரோ 11ஜி. அந்த வரிசையின் கடைசி 10.3.6 வரை, எல்லாமே 11ஜிதான். 11 என்று தொடங்கும் ஒரு வெப்லாஜிக் எண் எந்தக் கணினியிலும் ஓடவில்லை. 2011 டிசம்பரில் 12.1.1 வந்து, 12சி என்ற பெயரோடு ஒத்துப்போனபோது பெருமூச்சு விட்டோம். பிறகு 13-ஐத் தாண்டிக் குதித்து 2020-இல் 14.1.1. நிறுவிய விவரம் முன்பெல்லாம் ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் ஓரிடத்தில் இருந்தது. 12.1.2-இல் நிறுவியையே மாற்றிவிட்டார்கள். கோப்பு வேறு அடைவுக்குப் போனது, உள்ளமைப்பும் மாறியது. எங்கள் ஸ்கிரிப்ட் பழைய இடத்தில் போய்த் தேடிவிட்டு, வெப்லாஜிக்கே இல்லை என்று சத்தியம் செய்தது.

இத்தனையும் தாண்டிச் சரியாகப் பிடித்த எண், எக்செல்லில் போய்ச் செத்தது. ஜெர்மன் அமைப்பில் ஓடும் எக்செல்லில் புள்ளி வைத்த மூன்று எண்கள் என்றால் தேதி. 10.3.6 என்ற வெப்லாஜிக், 2006 மார்ச் 10 ஆகிவிடும். வங்கியிலிருந்து திரும்பி வந்த தாளில் வெர்ஷன் பத்தி முழுக்கத் தேதிகள் இருந்தன. 8.5.5-க்கு 2005 மே 8. பார்த்தவுடன் நாங்கள் சிரித்தோம். ஆடிட் செய்ய வந்தவர் சிரிக்கவில்லை. அவர் அதை ‘நிறுவிய தேதி’ என்று எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தயாராக வந்திருந்தார்.

ஜாவாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது அது. வெர்ஷன் கேட்டால் பதிலை வழக்கமான வெளியீட்டில் தராமல், பிழைகள் போகும் வழியில் அனுப்பும். பதிலைப் பிடித்து வைக்க ஸ்கிரிப்ட் எழுதும் ஒவ்வொரு புது ஆளும் முதல் முறை வெறுங்கையோடு நிற்பார். ஜாவா 9-இல்தான் இரட்டைக் கோடு போட்டுக் கேட்டால் சரியான வழியில் வரும் என்று ஏற்பாடு செய்தார்கள். பழைய ஒற்றைக் கோடு இன்றும் பழைய வழியிலேயே போகிறது. அதை மாற்றினால் எத்தனை ஸ்கிரிப்ட் விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

1998-இல் 1.2-ஐ ‘ஜாவா 2’ என்று விற்றார்கள். 2004-இல் 1.5-ஐ ‘5.0’ என்று விற்றார்கள். உள்ளே மட்டும் அந்த முன் ஒன்று போகவேயில்லை: 1.5.0, 1.6.0, 1.7.0, 1.8.0, பின்னால் அடிக்கோடு போட்டு ஒரு எண். முதல் மூன்று எழுத்தை வெட்டி எடுத்து, அதைத் தசம எண்ணாக்கி, 1.5-ஐவிடப் பெரிதா என்று பார்க்கும் நிரல் உலகம் முழுக்கப் பரவியது. பல வருடம் வேலையும் செய்தது. 2017 செப்டம்பரில் ஜாவா 9 வந்தபோது அந்த ஒன்றை ஒருவழியாக எடுத்துவிட்டார்கள். எண் வெறும் ‘9’. ஒரே ஒரு எழுத்து. மூன்று எழுத்து வெட்டப் போன நிரல்கள் வெட்ட ஒன்றுமில்லாமல் விழுந்தன.

அதற்கும் முன்னால் 2010-இல் நடந்தது எனக்கு இதைவிடப் பிடித்த கதை. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கி முடித்தது அந்த ஜனவரியில். ஜூலையில் ஜாவா 6-இன் 21-ஆவது அப்டேட் வந்தது. விண்டோஸ் கோப்பின் விவரப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும் இடத்தில் ‘சன் மைக்ரோசிஸ்டம்ஸ்’ என்பதை ‘ஆரக்கிள்’ என்று மாற்றினார்கள். சொத்து கைமாறினால் பத்திரத்தில் பெயர் மாறுவது நியாயம்தானே. ஆனால் எக்ளிப்ஸ் என்ற நிரலாக்கக் கருவி, தொடங்கும்போது அந்தப் பெயரைப் படித்துப் பார்க்கும். ‘சன்’ என்று இருந்தால் மட்டும், ஜாவாவுக்குக் கூடுதல் நினைவக ஒதுக்கீடு கேட்கும். அந்த ஒதுக்கீட்டுக் கட்டளை சன் ஜாவாவுக்கு மட்டுமே புரியும் என்பதால் வைத்த நிபந்தனை அது. பெயர் மாறியதும் எக்ளிப்ஸ் கேட்கவில்லை. நினைவகம் போதாமல் விழுந்தது. முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை. கடைசியில் ஆரக்கிள் தன் பெயரை எடுத்துவிட்டு, சன் பெயரைத் திரும்பப் போட்டு, அதே அப்டேட்டை மறுபடி வெளியிட்டது. நூற்றுக்கணக்கான கோடி டாலர் கொடுத்து வாங்கியவரால், வாங்கிய வீட்டு வாசலில் தன் பெயரை எழுத முடியவில்லை.

ஓபரா பிரவுசருக்கும் இதுவே நேர்ந்தது. 2009-இல் 10 வெளிவந்தபோது, வலைத்தளங்கள் எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்து ‘ஓபரா 1’ என்று முடிவுகட்டின. ஆகவே ஓபரா தன்னை 9.80 என்றே அறிமுகப்படுத்திக்கொண்டு, வரியின் கடைசியில் உண்மை எண்ணைச் சேர்த்தது. பிறகு 12 வரை போயும் முன்னால் 9.80 போகவில்லை.

எண்ணைப் பிடிப்பது ஒரு வேலை. இரண்டு எண்களில் எது பெரிது என்று சொல்வது இன்னொரு வேலை. டாம்கேட் 7.0 வரிசை 2010-இல் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் ‘கோஸ்ட்கேட்’ என்ற ஓட்டை வெளியே வந்தது. 8009 என்ற போர்ட் அப்போது வழக்கமாகவே திறந்து கிடந்தது. அதன் வழியே அப்ளிகேஷனின் உள்கோப்புகளைப் படித்துவிட முடிந்தது. 9.0.31, 8.5.51 ஆகியவற்றில் அடைத்தார்கள். 7.0 வரிசையில் அடைத்த வெளியீட்டின் எண் 7.0.100. அதற்கு முந்தையது 7.0.99. எண்களை எழுத்தாக எண்ணி ஒப்பிடும் நிரலுக்கு 1 என்ற எழுத்து 9-க்கு முன்னால் வருவது. ஆகவே 100 பழசு, 99 புதுசு. அடைத்த சர்வர்களை ஓட்டை என்றும், ஓட்டையானவற்றைப் பத்திரம் என்றும் சொல்லும் அறிக்கைக்கு இதைவிடத் தோதான வெளியீட்டை யாராலும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

லினக்ஸ் விநியோகக்காரர்கள் இந்த ஒப்பீட்டை நெடுநாள் முன்பே யோசித்தவர்கள். ஆர்பிஎம் என்ற தொகுப்பு முறை எண்ணையும் எழுத்தையும் தனித்தனித் துண்டாக்கி ஒப்பிடுகிறது. டெபியன், அலைக்குறி போட்டால் அது ஒன்றுமில்லாததைவிடவும் சின்னது என்று ஒரு விதி வைத்தது. பீட்டா வெளியீடுகள் முழு வெளியீட்டுக்கு முன்னால் வரிசைப்பட அதுதான் வழி. ஜேபாஸ்காரர்களும் ஒரு வேலை செய்தார்கள். எண்ணுக்குப் பின்னால் ஆல்ஃபா, பீட்டா, சிஆர், ஃபைனல், எஸ்பி என்று வைத்தார்கள். ஊரெல்லாம் ‘ஆர்சி’ என்று சொல்வதைத் திருப்பிப் போட்டு ‘சிஆர்’ என்றார்கள். ஆங்கில அகர வரிசையில் ஐந்தும் சரியாக விழும். ஓஎஸ்ஜிஐ அதை எழுத்தாகத்தான் ஒப்பிடும். எண் எழுதுகிறவர் படிக்கும் இயந்திரத்துக்காகச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது நான் பார்த்தவரை அபூர்வம்.

ஆனால் அதே விநியோகக்காரர்கள்தான் இன்னொரு சிக்கலையும் தந்தார்கள். 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் அதன் ‘எஃப்’ வரை ஓட்டை, ‘ஜி’யில் அடைப்பு. ரெட்ஹேட்டும் டெபியனும் ‘ஜி’க்குப் போகவில்லை. தங்களிடமிருந்த ‘இ’யிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைத்து, தொகுப்பின் வால் எண்ணை மட்டும் கூட்டினார்கள். மேல் எண் அப்படியே ‘இ’. வெளியிலிருந்து சோதித்த கருவி சிவப்புக் காட்டியது, உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு சிவப்புக்கும் ‘இது பொய் எச்சரிக்கை’ என்று விளக்கம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

2021 டிசம்பரில் இந்த எல்லாப் பாடமும் ஒரே வாரத்தில் தேர்வுக்கு வந்தது. லாக்4ஜே என்ற, லாக் எழுதும் சின்ன நூலகத்தில் ஓட்டை ஒன்று வெளியே வந்தது. அதை யாரும் ‘நிறுவ’ மாட்டார்கள். அப்ளிகேஷனோடு சேர்ந்து வரும். இயர் கோப்புக்குள் வார் கோப்பு, அதற்குள் ஜார் கோப்பு. எங்கள் வீட்டு அலமாரியில் இடம் மிச்சம் பிடிக்க அம்மா சம்படத்துக்குள் சம்படம் வைப்பது போல. எங்கள் தாளில் சர்வர்களின் வெர்ஷன் இருந்தது. கடைசிச் சம்படத்தில் இருப்பதற்குப் பத்தியே கிடையாது.

தேடிப் பிடித்தாலும் எண் உதவவில்லை. 2.0-இன் ஒன்பதாம் பீட்டாவிலிருந்து 2.14.1 வரை ஓட்டை. 2.15.0 என்றார்கள், அது போதாது, 2.16.0 என்றார்கள், பிறகு 2.17.0; மாதம் முடிவதற்குள் 2.17.1. பழைய ஜாவா வைத்திருப்பவர்களுக்காக 2.12.2, அதற்கும் பழையவர்களுக்கு 2.3.1 என்று தனி அடைப்புகள். ஆக 2.3.1 பத்திரம், 2.14.1 ஆபத்து. ‘இந்த எண்ணைவிடப் பெரிதா’ என்ற ஒற்றைக் கேள்வி அங்கே பயன்படவில்லை. போதாக்குறைக்கு, மேம்படுத்த முடியாதவர்கள் ஜாரிலிருந்து ‘ஜேஎன்டிஐ லுக்அப்’ என்ற ஒரு கிளாஸை மட்டும் அழித்தால் தற்காலிகமாகப் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அழித்தோம். கோப்பின் பெயரில் இன்னும் 2.14.1, உள்ளே அந்த வாசல் மூடியாகிவிட்டது. பெயரைப் படிக்கும் கருவி ஒன்று சொல்லும், உள்ளே எட்டிப் பார்க்கும் கருவி இன்னொன்று சொல்லும். இரண்டு அறிக்கையும் ஒரே கூட்டத்தில் ஒரே திரையில் வரும். அந்த கிறிஸ்துமஸ் விடுமுறை யாருக்கும் இல்லை.

இயந்திரம் படிப்பதற்கென்றே தயாரிப்பவர் ஒரு கோப்பு எழுதித்தர வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. 2009-இலேயே ஐஎஸ்ஓ 19770-2 என்ற தரம் வந்தது. ஐபிஎம் அந்த அடையாளக் கோப்புகளைத் தன் பொருட்களோடு அனுப்பியது, உரிமக் கணக்குக் கருவி அதைத் தேடிப் படித்தது. நல்ல ஏற்பாடு, ஒரு குறை தவிர: பத்திரத்துக்காக யாரோ நகலெடுத்து வைத்த பழைய அடைவிலும் அந்தக் கோப்பு இருக்கும். ஓடாத சர்வருக்கும் கணக்கு வரும். இப்போது எஸ்பிஓஎம் என்கிறார்கள். மென்பொருளுக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல். 2021 மே மாதம் அமெரிக்க அரசாணை ஒன்று அதைக் கேட்டது. 2024-இல் நம் அரசின் செர்ட்-இன் அமைப்பு வழிகாட்டுதல் வெளியிட்டது. பட்டியல் வருகிறது. அதில் வரும் எண்களை ஒப்பிடும் நிரலை யாரோ எழுதத்தான் வேண்டும்.

2025 பிப்ரவரியில் டாம்கேட் 9.0 வரிசையும் 99-ஐத் தாண்டியது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் காலையிலேயே என் மேசைக்கு வந்துவிட்டான். “அக்கா, நேத்து நைட்டுதான் 9.0.100 போட்டேன். டூல் அதைப் பழசுன்னு காட்டுது. 99-க்கே திரும்பப் போகச் சொல்லுது. போகட்டுமா?”